நாயை ஓடவிட ஏன் காசு?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஆஸ்டினிலிருந்து விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். அபார்ட்மெண்ட் வாசம், கூடவே ஒரு லாப்ரடார். குவான் பூங்காவின் வேலிக்குள் நாயை அவிழ்த்துவிட்டு நின்றபோது பக்கத்தில் இருந்தவர் "பெர்மிட் எடுத்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார். குழந்தைகளின் ஊஞ்சலுக்குக் காசில்லை, கூடைப்பந்துத் திடலுக்குக் காசில்லை, நாய்க்கு மட்டும் ஏன் என்பது உங்கள் கோபம். வாடகையிலேயே வீட்டுக்காரரின் சொத்துவரியும் சேர்ந்துதான் வருகிறது, அப்புறம் இது எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரில் அம்மாவிடம் சொன்னதற்கு, "நாய்க்குப் பூங்காவா, அதுக்குக் காசு வேறயா?" என்று சிரித்தார்களாம்.

"நியாயமா" என்ற ஒரே சொல்லில் நீங்கள் கேட்டாலும் உள்ளே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஏற்கெனவே வரி கட்டுகிறவரிடம் இன்னொரு முறை கைநீட்டலாமா என்பது ஒன்று. வாங்குகிற காசு என்ன வேலை செய்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்வியில்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் சிவில் படித்துவிட்டு, பக்கத்து மாநிலம் ஒன்றில் நகராட்சிப் பூங்காக்களின் பராமரிப்புத் திட்டமிடலில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன். வேலி, வடிகால், குப்பை, பட்ஜெட் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கால்நடை மருத்துவமும் சட்டமும் எனக்கு வேலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டவை. அந்த இடங்கள் வரும்போது அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தகவலைச் சரிசெய்ய வேண்டும். மேடிசனில் நாய்க்கு மட்டும் காசு வாங்கவில்லை. ஏரியில் படகு இறக்கக் கட்டணம் உண்டு, தட்டை எறிந்து ஆடும் டிஸ்க் கோல்ஃபுக்குப் பெர்மிட் வேண்டும், குளிர்காலத்தில் சீர்செய்த பனிச்சறுக்குப் பாதையில் போக பெர்மிட் வேண்டும். கோல்ஃப் மைதானத்தைச் சொல்லவே வேண்டாம். ஊஞ்சலும் கூடைப்பந்தும் பட்டியலின் மறுபக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். எது எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு நகராட்சிகளில் எழுதாத விதி ஒன்று உண்டு. எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், நினைத்தபோது நடந்துவந்து பயன்படுத்துவது இலவசம். ஒரு குறிப்பிட்ட கூட்டம் தனக்கென்று இடத்தை ஒதுக்கிக் கேட்டு, அந்த இடத்தில் மற்றவர் நுழைவதற்கு வழியில்லாமல் போனால் அங்கே கட்டணம் தலைகாட்டும். நாய்ப் பூங்கா இரண்டாவது வகையில் விழுகிறது. வேலி போட்ட அந்த ஏக்கரில் யாரும் பாய் விரித்துச் சாப்பிடப் போவதில்லை.

இந்த விதி முழுக்க நியாயமானது என்று நான் சொல்லவில்லை. டென்னிஸ் கோர்ட்டும் ஒரு கூட்டத்துக்கு மட்டுமே பயன்படுகிறது, தளம் போட நிறையச் செலவாகிறது, பெரும்பாலான ஊர்களில் அதற்குக் காசில்லை. காரணம், டென்னிஸ் கோர்ட்டுகள் வரிப்பணம் தாராளமாக இருந்த காலத்தில் வந்தவை. நாய்ப் பூங்கா பின்னால் வந்த விருந்தாளி. அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று வழக்கமாகச் சொல்லப்படும் பெர்க்லியின் ஓலோன் பூங்கா 1979-ல்தான் தொடங்கியது, அதுவும் சோதனை முயற்சியாக. அதற்குப் பிறகு மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றத் தொடங்கியபோது பூங்காத் துறைகளின் பை பல இடங்களில் இளைத்துவிட்டது. புதிதாக எதைக் கேட்டாலும் "அதற்கு வருமானம் எங்கே?" என்ற கேள்வி கூடவே வந்தது. கட்டணங்களில் பாதி கொள்கையால் வந்தவை அல்ல, வரலாற்றின் விபத்தால் வந்தவை.

செலவு எங்கே போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது என் சோறு. பெரும்பாலானோர் நாய்ப் பூங்கா என்றால் ஒரு வேலி, ஒரு குப்பைத்தொட்டி, முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேலியிலிருந்தே தொடங்கலாம். சதுரமான 1 ஏக்கர் நிலத்தைச் சுற்ற ஏறக்குறைய 835 அடி வேலி வேண்டும். 4 ஏக்கரைச் சுற்ற 1,670 அடி போதும். இடம் நான்கு மடங்கு, வேலி இரண்டே மடங்கு. ஆகவே தெருவுக்குத் தெரு சின்னச் சின்னதாகக் கேட்பதுதான் துறைக்கு மிகவும் செலவு பிடிக்கும் கோரிக்கை. சின்ன இடத்தில் புல்லும் நிற்காது. நாய்களின் சிறுநீரால் புல் கருகுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கங்கே வட்டவட்டமாகக் கருகும்தான். ஆனால் பூங்காவைக் கொல்வது சிறுநீர் அல்ல, கால்கள். உள்ளே நுழையும் இரட்டைக் கேட்டைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் கூண்டு. புதிதாக ஒரு நாய் வந்தால் உள்ளே இருக்கும் அத்தனை நாய்களும் அங்கே ஓடிவந்து மோப்பம் பிடிக்கும். ஒரு நாளில் அந்த இருபதடி வட்டத்தில் விழும் மிதிகள் மற்ற இடமெல்லாம் சேர்ந்தாலும் வராது. மண் இறுகிப்போகும், தண்ணீர் உள்ளே இறங்காது, புல் சாகும், அடுத்த மழைக்குச் சேறு. அதன்மேல் மரச்சில்லு கொட்டினால் ஒரு பருவம் தாங்கும், அப்புறம் சில்லும் மக்கிச் சேறாகிவிடும். ஒழுங்காகச் சரிசெய்ய வேண்டுமானால் தோண்டி, சல்லி போட்டு, வடிகால் வைத்து மேலே தளம் போட வேண்டும். நகராட்சியின் மரம் வெட்டும் பிரிவு சில்லை இலவசமாகவே தரும். அதைக் கொண்டுவந்து பரப்பும் ஆளும் வண்டியும் இலவசமில்லை.

உங்கள் ஊரில் குளிர்காலம் வேறு. பனி காற்றில் அடித்துக்கொண்டு வந்து வேலியோரம் குவியும். ஐந்தடி வேலியின் அடியில் மூன்றடி பனி இறுகி நின்றால் உங்கள் லாப்ரடாருக்கு அது இரண்டடி வேலி. ஆகவே வேலியோரப் பனியை யாராவது வந்து வெட்ட வேண்டும். கேட்டின் தாழ்ப்பாள் உறைந்து பூட்டாமல் நிற்கும், அதற்கும் ஒருவர் வர வேண்டும். பிறகு மார்ச் கடைசியில் பனி கரையும். நவம்பரிலிருந்து "பனிக்குள் போனது, யாருக்குத் தெரியும்" என்று விட்டுப்போன அத்தனையும் ஒரே வாரத்தில் வெளியே வரும். அந்த வாரத்தில் எங்கள் ஆட்களோடு கூட்டிப்போய் நிறுத்தினால், இலவசமாக இருக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நாய் ஒன்று ஒரு நாளுக்குச் சுமார் முக்கால் பவுண்டு கழிக்கும் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். 100 நாய்கள் வரும் ஒரு சனிக்கிழமை அதில் பாதி மட்டும் பூங்காவில் விழுந்தாலும் 37 பவுண்டு. எடை பெரிதல்ல. ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வந்து தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்பதுதான் செலவு.

மெண்டோட்டா, மொனோனா ஏரிகள் கோடையில் பச்சையாகப் பாசி பூப்பதற்கும் நாய்தான் காரணம் என்று உங்கள் ஊர்க்காரர் யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். அந்தப் பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். அது பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பால்பண்ணைகளின் சாணமும் வயல் மண்ணும் கரைந்து வருவது. நாயின் பங்கு சிறியது. குளிக்கும் கரைக்குப் பக்கத்தில் மழைநீரோடு கிருமி இறங்குவது உண்மையான பிரச்சினை, அதனால் நாயின் கழிவை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏரியின் நிறத்துக்காக நாய்க்காரர்களிடம் காசு கேட்பது கணக்குக்கு ஒத்துவராது.

இப்போது "இரண்டு முறை கட்டுகிறேன்" என்ற வாதம். இதில் ஒரு பாதி சரி. உங்கள் வாடகைக்குள் சொத்துவரி ஒளிந்திருக்கிறது, அதிலிருந்து பூங்காத் துறைக்கும் போகிறது. ஆனால் அந்த வரியைக் கட்டுபவர்களில் நாய் இல்லாதவர்களும் உண்டு, நாய்க்குப் பயப்படுபவர்களும் உண்டு. அவர்களிடம் போய் "என் நாய் ஓடுவதற்கு நீங்களும் சேர்ந்து கொடுங்கள்" என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் இருக்கிறது, ஆனால் நாய்க்காரர்கள் அதைச் சொல்வதே இல்லை. வேலிக்குள் ஓடும் நாய் கால்பந்து மைதானத்தில் ஓடாது. நடைபாதையில் குழந்தை மேல் தாவாது. நாய்ப் பூங்கா திறந்த பிறகு பக்கத்து விளையாட்டுத் திடலிலிருந்து வரும் புகார்கள் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். இது என் அனுபவம், ஆய்வு அல்ல. ஆனாலும் நாய் இல்லாதவருக்கும் நாய்ப் பூங்காவால் லாபம் உண்டு என்ற வாதம் "நான் வரி கட்டுகிறேன்" என்பதைவிட வலுவானது. கவுன்சில் கூட்டத்தில் பேசுவதாக இருந்தால் இதைப் பேசுங்கள்.

சரி, வருமானத்துக்கு வருவோம். இங்கேதான் என் துறைக்காரர்களோடு எனக்கே கருத்து வேறுபாடு. கட்டணம் வாங்குவதற்கும் செலவு உண்டு. பெர்மிட் விற்கும் கணினி, கவுண்டரில் ஓர் ஆள், அட்டை விநியோகம், முக்கியமாகப் போய்ச் சோதிக்கும் ஆள். சோதிக்க ஆளில்லாத பெர்மிட், நேர்மையானவர்களுக்கு மட்டும் போடும் வரி. இதற்குப் பழைய உதாரணம் பிரிட்டன். அங்கே நாய் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்ற விதி 1987 வரை இருந்தது. கடைசிக் காலத்தில் கட்டணம் 37 பென்ஸ். நாய் வளர்ப்பவர்களில் சுமார் பாதிப் பேர்தான் கட்டிவந்தார்கள், வந்த காசு வசூல் செலவுக்கே காணவில்லை. ஒழித்துவிட்டார்கள். வடக்கு அயர்லாந்தில் மட்டும் உரிமம் இன்னும் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் சியாட்டிலை அடுத்த ரெட்மண்டில் இருக்கிற மேரிமூர் பூங்கா. ஆற்றோரமாக 40 ஏக்கருக்கு நாய்கள் ஓடும் இடம். நாய்க்கென்று தனிக் கட்டணம் கிடையாது. 2000-களின் தொடக்கத்தில் கிங் கவுண்டிக்கு, அதாவது அந்த மாவட்ட நிர்வாகத்துக்கு, பண நெருக்கடி வந்தபோது பூங்கா முழுக்க வண்டி நிறுத்த நாளுக்கு 1 டாலர் என்று வைத்தார்கள். நாய் கொண்டுவருபவரும் அதே டாலர், கிரிக்கெட் ஆட வரும் நம்மவர்களும் அதே டாலர். யார் எதற்கு வந்தார்கள் என்று விசாரிக்கும் வேலை இல்லை. வண்டியைப் பார்த்தால் போதும், வண்டி ஓடி ஒளியாது. நாயின் கழுத்துப்பட்டையில் வில்லை தொங்குகிறதா என்று குனிந்து பார்க்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே அன்றாடப் பராமரிப்பில் தன்னார்வலர் அமைப்பு ஒன்றும் கைகொடுக்கிறது. ஊருக்கு வெளியே, காரில்தான் வர முடியும் என்ற இடங்களுக்கு இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. நகரத்துக்குள் நடந்துவரும் பூங்காவுக்கு இது உதவாது.

அப்படியானால் மேடிசன் ஏன் பெர்மிட் முறையை வைத்துக்கொண்டிருக்கிறது? காசுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பெர்மிட் எடுக்க வேண்டுமானால் நாய்க்கு லைசன்ஸ், அதாவது நாய் வளர்ப்பதற்கான உரிமம், இருக்க வேண்டும். லைசன்ஸ் எடுக்க வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். விஸ்கான்சின் சட்டப்படி 5 மாதம் கடந்த எல்லா நாய்க்கும் உரிமம் கட்டாயம், நாய்ப் பூங்காவுக்கே போகாத நாய்க்கும்தான். மாநிலம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகை கருத்தடை செய்த நாய்க்கு 3 டாலர், செய்யாததற்கு 8 டாலர். நகரங்கள் அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளும். வீட்டோடு கிடக்கும் நாய்க்கு யாரும் வந்து லைசன்ஸ் கேட்பதில்லை. அதனால் எடுக்காமலே காலம் தள்ளுபவர்கள் எந்த ஊரிலும் உண்டு. நாய்ப் பூங்கா பெர்மிட்தான் அவர்களை லைசன்ஸ் கவுண்டருக்கு இழுத்துவரும் கயிறு. கட்டணத்தின் உண்மையான வேலை இது என்பது என் கருத்து. காசு வாங்காமலே இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். லைசன்ஸ் காட்டுபவருக்குப் பெர்மிட் இலவசம் என்று வைக்கலாம். நான் அதன் பக்கம்தான்.

லைசன்ஸ் காசு எங்கே போகிறது என்பது உங்களைச் சிரிக்க வைக்கும். விஸ்கான்சினில் அது கவுண்டியின் நாய் உரிம நிதியில் சேருகிறது. காப்பகச் செலவு போன்றவற்றோடு, நாய் கடித்து ஆடு மாடு செத்தால் அதன் உரிமையாளருக்கு இழப்பீடு கொடுப்பதும் அந்த நிதியின் வேலை. பண்ணையில் வளர்க்கும் மிங்க் என்ற ரோமப் பிராணி வரை சட்டத்தில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அதாவது உங்கள் லாப்ரடாருக்காக நீங்கள் கட்டும் காசு, கோட்பாட்டளவில், யாரோ ஒருவரின் செத்த செம்மறிக்குப் போகலாம். ஆட்டுக்காரர்களின் காலத்தில் எழுதிய சட்டம், நகரத்து நாய்கள் பெருகிய பிறகும் அப்படியே நிற்கிறது. நாய்க்காரர்கள் கட்டும் காசில் கொஞ்சம் நாய்கள் ஓடும் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இனிமேல் சொல்வதில் எனக்கு உறுதி குறைவு. கட்டணம் வைத்தால் பூங்கா பாதுகாப்பாகும், சண்டையும் கடியும் குறையும் என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அதை எண்ணிக்கையால் நிரூபிப்பது கடினம். காசு கட்டிப் பெர்மிட் எடுப்பவர் முன்பே பொறுப்பானவர். பொறுப்பில்லாதவர் கட்டாமலே உள்ளே வருவார், இல்லையென்றால் வேறு பூங்காவுக்குப் போவார். கட்டணத்தால் ஆட்கள் மாறினார்களா, ஆட்கள் இடம் மாறினார்களா என்று பிரித்துப் பார்க்க முடியாது. நோயைப் பொறுத்தவரை, சட்டம் கட்டாயப்படுத்துவது வெறிநோய் ஊசியை மட்டும். நாய்கள் கூடும் இடத்தில் எளிதில் தொற்றும் கெனல் இருமலோ பார்வோவோ அந்தச் சான்றில் அடங்காது. ஆகவே பெர்மிட் இருக்கும் பூங்கா என்பதால் நோயில்லாத பூங்கா என்று நினைத்துவிட வேண்டாம். எந்த ஊசிகள் தேவை என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். இப்போது மதுக்கூடத்தோடு சேர்த்து நடத்தும் தனியார் நாய்ப் பூங்காக்கள் பல ஊர்களில் வந்திருக்கின்றன. அங்கே ஊசிச் சான்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள், சண்டை வந்தால் விலக்க ஆள் நிற்பார். அந்த ஆளுக்கான சம்பளம்தான் அங்கே கட்டணம். நகராட்சிப் பெர்மிட்டில் ஆள் வராது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு "காசு கட்டினேனே, யாரும் வரவில்லையே" என்று எங்களிடம் சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

கடி பற்றிச் சொன்னதால் சட்டத்தையும் தொட்டுவிடுகிறேன். கட்டணம் வாங்கினால் நகராட்சி பொறுப்பேற்க வேண்டிவரும், அதனால்தான் பல ஊர்கள் இலவசமாக வைத்திருக்கின்றன என்று ஒரு பேச்சு உண்டு. பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடுபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கின்றன. கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் அல்லது குறையும் என்று பலவற்றில் எழுதியிருக்கிறது. விஸ்கான்சினில் தனியார் நில உரிமையாளர் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் வசூலித்தால் பாதுகாப்பை இழப்பார். அரசு அமைப்புகளுக்கு விதி வேறு. ஆகவே ஒரு மாநிலத்தில் கேட்டதை இன்னொரு மாநிலத்துக்குப் பொருத்தாதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. உங்கள் நாய் யாரையாவது காயப்படுத்தினால் விஸ்கான்சின் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது. முன்பே ஒருவரைத் தழும்பு விழக் கடித்தது உங்களுக்குத் தெரிந்திருந்து மறுபடி அப்படி நடந்தால் இழப்பீடு இரண்டு மடங்காகலாம். பெர்மிட் கட்டியது அங்கே கேடயம் ஆகாது.

கட்டணத்துக்குப் பக்கவிளைவும் உண்டு. இலவசப் பூங்காவில் சனிக்கிழமை காலை பத்துப்பேர் சேர்ந்து மண்வெட்டியோடு வருவார்கள், குழியை மூடுவார்கள், பை தீர்ந்தால் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைப்பார்கள். கட்டணம் வந்ததும் அதே ஆட்கள் தொலைபேசியை எடுக்கிறார்கள். "குழி இருக்கிறது, எப்போது மூடுவீர்கள்?" நான் பார்த்த இடங்களில் இது நடந்தது, எல்லா ஊரிலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் நாய் வளர்ப்புக்கே வரி. பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, அடுத்தடுத்த நாய் ஒவ்வொன்றுக்கும் 180. நாடு முழுக்க 2023-ல் 40 கோடி யூரோவுக்கு மேல் வசூலானது. வரி என்பதால் அது பொதுக் கணக்கில் கலந்துவிடும், நாய்க்கென்று எதையும் திருப்பித் தரக் கடமை இல்லை. "இவ்வளவு கட்டுகிறோமே, எங்களுக்கு என்ன செய்தீர்கள்?" என்ற புலம்பல் அங்கே ஓயாததில் வியப்பில்லை. அதே பெர்லினில் குரூனேவால்ட் காட்டில் நாய்கள் அவிழ்த்துவிட்டு ஓடப் பெரும் பரப்பு இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி இருப்பவருக்கு நாய்ப் பூங்கா ஓர் உல்லாசம். மூன்றாம் மாடி அபார்ட்மெண்டில் இருப்பவருக்கு அது தேவை. கட்டணம் இருவருக்கும் ஒன்று. உங்களைப் போல் சம்பளம் வாங்குபவருக்கு ஆண்டுக்குச் சில பத்து டாலர் பெரிதல்ல, பல்பொருள் அங்காடியில் ஒரு மூட்டை நாய்த்தீனியின் விலைகூட இராது. இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் ஒருவருக்கு அது பெரிது. குறைந்த வருமானக்காரருக்குச் சலுகை இல்லாத பெர்மிட்டை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதனால் யாரிடம் வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் மற்றவர்களின் நாய்களைக் கூலிக்கு நடக்கக் கூட்டிவருபவரிடம். ஆறேழு நாய்களோடு தினமும் வந்து பிழைப்பு நடத்துபவர் பொது நிலத்தைக் கடையாகப் பயன்படுத்துகிறார். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2013 முதல் நான்கு நாயோ அதற்கு மேலோ தொழில்முறையாகக் கூட்டிவருபவர்களுக்குப் பெர்மிட் கட்டாயம், எட்டுக்கு மேல் கூடாது. வளைகுடாவின் மறுகரையில் பாயின்ட் இசபெல் பூங்காவில் தனியாளுக்குக் கட்டணமே இல்லை, மூன்று நாய் வரை கூட்டிவரலாம், அதற்கு மேல் ஆறு வரை என்றால் பெர்மிட். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அடுத்து, காரில் வந்து இறங்கும் பெரிய வட்டாரப் பூங்காக்களில் வண்டிக்குக் கட்டணம். குடியிருப்புக்குள் இருக்கும் சின்ன வேலிக்கு ஒன்றும் வேண்டாம், லைசன்ஸ் மட்டும் காட்டினால் போதும். மேடிசன் முறை இதற்கு நேராக இல்லை. ஆனாலும் அநியாயம் என்று சொல்லிவிட மாட்டேன். நகரத்தின் பெர்மிட், மேடிசன் இருக்கும் டேன் கவுண்டியின் பூங்காக்களிலும் செல்லும், கவுண்டியினுடையது நகரத்திலும் செல்லும் என்பதால் கொடுக்கிற காசுக்கு இடம் அதிகம். வெரோனா பக்கம் பிரேரி மொரேன் போய்ப் பாருங்கள். பனியாறு விட்டுப்போன மேடும் புல்வெளியுமாக, லாப்ரடார் களைத்து விழும் அளவுக்கு இடம் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது முதலில் லைசன்ஸ். டெக்சாஸில் போட்ட வெறிநோய் ஊசியின் சான்றிதழ், அதைப் போட்ட மருத்துவமனையின் பெயரோடு, கையில் இருக்கட்டும். அது இல்லாமல் கவுண்டரில் வரிசையில் நின்று திரும்புவது வீண். லைசன்ஸ் ஆண்டு டிசம்பர் 31-ல் முடிந்துவிடும், ஆகவே ஆண்டுக் கடைசியில் எடுப்பதாக இருந்தால் எந்த ஆண்டுக்கானது என்று கேட்டு எடுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது போவதாக இருந்தால் ஆண்டுப் பெர்மிட். எப்போதாவது போவதாக இருந்தால் நாள் பெர்மிட்டே போதும். கோபம் இன்னும் இருந்தால் அதையும் வீணாக்க வேண்டாம். மேடிசனில் மேயர் அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தை அக்டோபரில் வைப்பார், கவுன்சில் நவம்பரில் நிறைவேற்றும். அதற்கு முன் பூங்கா ஆணையக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம். நாய்ப் பூங்காப் பெர்மிட்டில் போன ஆண்டு எவ்வளவு வந்தது, வசூலிக்க எவ்வளவு போனது, மிச்சம் எந்தத் தலைப்பில் செலவானது என்று கேளுங்கள். பொதுக் கணக்கு, கேட்டால் காட்ட வேண்டும். கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி உங்களைக் கவனமாகவே பார்ப்பார். அந்தக் கணக்கு வந்தால் இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.